இருபத்தைந்தாவது சீட்டு

அந்த வருடம் என் ஏழாம் வகுப்பில் இருபத்தைந்து பிள்ளைகள். வந்தது இருபத்து நான்கு பேர். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் நிற்கும் அந்த ஒரு பிள்ளையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்து, எழுந்து போயிருக்கிறேன். என்னைப் பற்றியும் எழுத வேண்டிவரும் என்பதுதான் காரணம்.

எனக்கு வீடு திருநகரில். திருமங்கலம் போய், அங்கிருந்து உசிலம்பட்டி பஸ் பிடித்து, வழியில் ஒரு நிறுத்தத்தில் இறங்கி, கால் மணி நேரம் உள்ளே நடந்தால் பள்ளிக்கூடம். இரண்டு பக்கமும் மானாவாரிக் காடு, அதைத் தாண்டினால் வறண்ட கண்மாய், கண்மாய் நிறையக் கருவேலம். நான் கணக்கு டீச்சர். கோபக்காரி. பிள்ளைகள் எனக்கு ஏதோ ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அது என்னவென்று இன்றுவரை தெரியாது, தெரியாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

வருகைப் பதிவு இப்போதெல்லாம் போனில்தான். காலையில் திறந்தால் எல்லாப் பெயர்களும் பச்சையாக நிற்கும். வராத பிள்ளையின் பெயரைத் தொட்டால் அது சிவப்பாகும். ஒரு பெயர் தொடர்ந்து சில நாட்கள் சிவப்பாகவே இருந்தால் மேலே தெரிந்துவிடும், பிளாக் கல்வி ஆபீஸிலிருந்து வீடு தேடி ஆள் வரும், பிள்ளையை ஏன் அனுப்பவில்லை என்று கேட்கும். நல்ல ஏற்பாடுதான். என்னைப் போன்றவர்கள் கையில் போன் இருப்பதுதான் அதில் உள்ள கோளாறு.

பதினேழாம் நம்பர் பிள்ளை ஜூன் மாதத்தில் பள்ளி திறந்து ஒரு வாரமோ பத்து நாளோ வந்தாள். பிறகு வரவில்லை. நான் அவள் பெயரைத் தொடப்போன அன்று தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"டீச்சர், ஆகஸ்டுல தலை எண்ணுற கணக்கு முடியுற வரைக்கும் அந்தப் பேரத் தொடாதீங்க. ஒரு தலை கொறஞ்சா ஒரு போஸ்ட்டு போயிரும். சர்ப்ளஸ்ல யாரு போவான்னு நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல."

பள்ளியில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் நான். உபரி டீச்சர் என்று மாற்றினால் நான்தான் போக வேண்டும், எந்த மாவட்டத்து மூலைக்கோ.

"ஒரு பேருதானே. இம்புட்டு யோசிக்காதீங்க" என்றார்.

நான் யோசிக்கவில்லை. பொய் எழுதவும் இல்லை, எங்கும் கையெழுத்துப் போடவும் இல்லை. தொடாமல் விட்டேன், அவ்வளவுதான். தினமும் காலையில் கரும்பலகையின் மூலையில் எழுதுவேன்: மொத்தம் 25, வருகை 25, நூறு சதவீதம். பிள்ளைகள் அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

ஆடி பிறந்தபோது சதவீதம் நடத்த ஆரம்பித்தேன். பின்னம், தசமம், சதவீதம் மூன்றும் ஒன்றுதான், சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறது என்று சொன்னால் பிள்ளைகள் மண்டையை ஆட்டும். மறுநாள் கேட்டால் விழிக்கும். அதனால் அவர்களைப் பற்றியே கணக்கெடுப்பு நடத்தலாம் என்று நினைத்தேன். முதல் நாள் மாலையில் நாளைய கேள்வியைப் பலகையில் எழுதிவிடுவேன். பழைய வினாத்தாளின் முதுகைச் சின்னச் சின்னச் சீட்டாகக் கிழித்துக் கொடுத்துவிடுவேன். மறுநாள் பதிலை எழுதி, நாலாக மடித்து, சாக்பீஸ் டப்பாவில் போட வேண்டும். பேர் எழுதக் கூடாது. பேர் இல்லாவிட்டால்தான் உண்மை வரும் என்று பெருமையாகச் சொன்னேன்.

இருபத்தைந்து என்பது கணக்கு டீச்சருக்கு வரம். ஒவ்வொரு பிள்ளையும் நான்கு சதவீதம். எத்தனை பேர் கை தூக்கினாலும் நாலால் பெருக்கினால் போதும், மீதி என்ற தொல்லையே கிடையாது.

முதல் கேள்வி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்பது. சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தேன், பலகையில் கோடு போட்டோம். பழைய சோறு ஒன்பது, இட்லி ஏழு, தோசை ஐந்து, நேற்று வாங்கிய பரோட்டா இரண்டு, டீயும் பன்னும் ஒன்று. கடைசியாக ஒரு சீட்டில் 'சாப்பிடவில்லை' என்று இருந்தது.

"யாரு சாப்பிடாம வந்தது?" என்று கேட்டேன். யாரும் எழவில்லை. "சாப்பாட்டு விஷயத்துல வெக்கம் என்ன வேண்டிக் கெடக்கு? எந்திரிங்க." பேர் எழுதக் கூடாது என்று சொன்னவளே பேரைக் கேட்கிறேனே என்று விட்டுவிட்டேன். முப்பத்தாறு, இருபத்தெட்டு, இருபது, எட்டு, நாலு, நாலு. கூட்டினால் நூறு. அத்தனையும் முழு எண். அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததைப் போல மனசு நிறைந்திருந்தது.

எனக்கு உறைக்கவில்லை. இத்தனை வருடம் கணக்கு நடத்தியவளுக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது கேள்வி, காலையில் எப்படி வருகிறாய் என்பது. நடந்து பதினான்கு, சைக்கிள் ஆறு, பஸ் நான்கு, வேன் ஒன்று. 'வேன்' என்று படித்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கு வேன் கிடையாது. அந்த ஊருக்குள் பள்ளி வேன் எதுவும் வருவதே இல்லை.

"எவன்டா அது வேன்ல வந்து எறங்குற மகராசன்?"

வழக்கமாக இப்படிக் கேட்டால் பின் பெஞ்சில் யாராவது சிரிப்பார்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்பிள்ளைகள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி என்று பலகையில் எழுதினேன். ஐம்பத்தாறு, இருபத்து நான்கு, பதினாறு, நாலு. நூறு.

நூறு என்று எழுதிய கை அங்கேயே நின்றது. பதினான்கை இருபத்து நான்கால் வகுத்தால் ஐம்பத்தெட்டே சொச்சம் வர வேண்டும், புள்ளிக்குப் பின்னால் மூன்று மூன்றாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இது ஏன் இவ்வளவு சுத்தமாக வருகிறது?

திரும்பி நின்று தலைகளை எண்ணினேன். இருபத்து நான்கு. மேசையில் கிடந்த சீட்டுகளை எண்ணினேன். இருபத்தைந்து. மறுபடியும் தலைகள், மறுபடியும் சீட்டுகள். வெளியே ஆடிக்காற்று புழுதியை வாரி ஜன்னல் கம்பியில் அடித்துக்கொண்டிருந்தது. நான் எண்ணுவதை இருபத்து நான்கு பேரும் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீட்டு கூடுதலாகப் போடும் குறும்பு ஒன்றும் உலகத்தில் இல்லாததல்ல. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஓய்வறையில் உட்கார்ந்து அந்த 'வேன்' சீட்டை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். மடிப்புக்கு உள்ளே வெள்ளையாக ஒரு விரல் தடம். சாக்பீஸ் டப்பாதானே, தூள் ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். மற்ற சீட்டுகளில் தூள் வெளிப்பக்கம் இருந்தது. இதில் உள்பக்கம் இருந்தது. முகர்ந்து பார்த்தேன். சாக்பீஸ் இல்லை. சமையல்கட்டில் நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த வாசனை, ஆனால் பள்ளிக்கூடத்தில் வைத்து அது என்னவென்று சட்டென்று பிடிபடவில்லை.

அன்றிலிருந்துதான் சில விஷயங்களைக் கவனித்தேன். ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சு, மூன்று பேர் உட்காருவது. அதில் இரண்டு பெண்கள்தான் உட்கார்ந்தார்கள், இந்த ஓரத்தில் ஒருத்தி, அந்த ஓரத்தில் ஒருத்தி. நடுவில் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. மற்ற பெஞ்சுகளில் நாலு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தபோதும் அந்த இடத்துக்கு யாரும் போகவில்லை. நோட்டு விநியோகம் செய்தால் ஒரு ஓரத்துப் பிள்ளை எடுத்து, நடுவில் ஒரு கணம் நிறுத்தி, பிறகு மறு ஓரத்துக்குக் கொடுத்தாள். கண்ணிருந்தும் இவ்வளவு நாள் நான் அதைப் பார்க்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முட்டை எண்ணிக்கை போனில் உள்ள கணக்குப்படிதான். சமையல்கார அக்கா வராண்டாவில் நின்று, "ஏழாம் வகுப்பு, முட்டை இருபத்தஞ்சு!" என்று சத்தம் போடுவார். அன்று பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதைத் தூணோரம் நின்று பார்த்தேன். வரிசையில் ஒரு தட்டுக்கு முன்னால் ஆள் இல்லை. தட்டில் முட்டை மட்டும் இருந்தது. ஒரு சின்னப் பிள்ளை அழுகிறது என்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டு வந்து பார்த்தால் தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. முட்டை இல்லை. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் வாயில் எதுவும் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. காலையில் நான் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவேன். பதினாறுக்குப் பிறகு பதினெட்டுக்குத் தாவிவிடுவேன். அந்தத் தாவல் எனக்குப் பழகிப்போயிருந்தது. ஒருநாள் "பதினாறு" என்றேன், "உள்ளேன் டீச்சர்" என்றது ஒரு குரல். மூச்சு எடுத்துக்கொண்டு "பதினெட்டு" என்று சொல்வதற்குள் இன்னொரு குரல், கொஞ்சம் கம்மலாக, "உள்ளேன் டீச்சர்" என்றது.

நிமிர்ந்து பார்த்தேன். எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. மேலே மின்விசிறி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. யார் சொன்னது என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால், யாருடைய நம்பருக்கு என்று நானே சொல்ல வேண்டுமே. எனக்கு அப்போது இன்னொன்றும் தெரிந்தது: பதினேழாம் நம்பரின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. பத்து நாள் என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை. குட்டையா நெட்டையா என்றுகூடத் தெரியவில்லை. பெயர் மட்டும்தான் இருந்தது, அதுவும் பச்சையாக.

பயந்தேன் என்பதை ஒளிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்ற எண்ணம் வந்தது. வந்த பிறகு போகவில்லை. வீட்டில் குழம்பு கொதிக்கும்போதும் வந்தது.

பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஒரு பொறி வைத்தேன். முதல் நாள் கேள்வி எழுதவில்லை. மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தி, அங்கேயே சீட்டுக் கிழித்து, என் கையால் ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்தேன். இருபத்து நான்கு சீட்டு, எண்ணிக் கொடுத்தேன். "உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேரு? எழுதுங்க. யாரும் பேசக் கூடாது." டப்பாவை நானே கையில் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனேன். மூன்றாவது பெஞ்சைத் தாண்டும்போது காற்றில் ஜன்னல் படாரென்று அடித்துக்கொண்டது, ஒரு நொடி திரும்பினேன். வேறு எதுவும் நடக்கவில்லை.

மேசையில் கொட்டி எண்ணினேன். இருபத்தைந்து.

ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நாலு பேர், ஐந்து பேர், ஏழு பேர். பதினொன்றாவதோ பன்னிரண்டாவதோ பிரித்த சீட்டு நான் அன்று கிழித்த தாள் இல்லை, முந்தைய நாட்களில் கொடுத்த தாள். அதில் எதுவும் எழுதவில்லை. வெறும் தாள், நடுவில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் தடம். சின்ன விரல். முகர்ந்தேன். இந்த முறை தெரிந்துவிட்டது. உளுந்து மாவும் அப்பளக்காரமும். பொரிக்காத அப்பளத்தின் வாசனை.

ஆடி மாதத்து நண்பகல், வெளியே வெயில் கண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. "பதில் இல்லை, ஒன்று" என்று பலகையில் எழுதி, பக்கத்தில் நாலு சதவீதம் என்று போட்டேன். பிள்ளைகள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக வெளையாட்டு டீச்சர். சர்வே கிர்வேயெல்லாம் நிப்பாட்டிட்டு புக்குல இருக்குற கணக்கப் போடுங்க. இன்னும் கொஞ்ச நாளுதான, கணக்கு முடிஞ்சிரும்" என்றார். சீட்டைக் குப்பைக் கூடையில் போடப்போனார். கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று அப்போது தெரியவில்லை.

மறுநாள் மூன்றாவது பெஞ்சின் ஓரத்துப் பிள்ளையை, நோட்டை நடுவில் நிறுத்திக் கொடுப்பாளே அவளை, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தனியாகக் கூப்பிட்டேன். கையில் சிவப்பு மூடி போட்ட டிபன் டப்பா வைத்திருந்தாள். பார்த்ததும் பின்னால் மறைத்தாள்.

"அதுல என்ன?"

"முட்டை டீச்சர்."

"ஒன்னோடதா?"

"என்னோடத நான் தின்னுட்டேன். இது அவளோடது."

எவளோடது என்று நான் கேட்கவில்லை. அவளும் பெயர் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைத் திட்டாதீங்க டீச்சர் என்று முதலில் வாக்கு வாங்கிக்கொண்டு, பிறகு சொன்னாள். அவள் வீட்டுக்கு எதிர்வீடுதான் பதினேழாம் நம்பர். அப்பாவுக்குக் கால் முறிந்து படுத்துவிட்டார். மதுரையில் ஒரு அப்பளக் கம்பெனிக்கு விடியும் முன்னே வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகிறது, இருட்டியதும் கொண்டுவந்து விடுகிறது. நாள் முழுக்க மாவு உருட்டுவது, வெயிலில் காயப் போடுவது.

"நீங்க நாளைக்கிக் கேள்வி எழுதிப்போட்டா நான் போயி அவகிட்டச் சொல்லுவேன். அவ எழுதிக் குடுப்பா. நீங்க திடீர்னு கேட்டா என்ன பண்றதுன்னு வெறுஞ் சீட்டு ரெண்டு மடிச்சுக் குடுத்திருந்தா."

"எதுக்குடி இதெல்லாம்?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பதைப் போல. "போர்டுல இருபத்தஞ்சுன்னு எழுதுறீங்கள்ல டீச்சர். அவளும் வந்திருக்கான்னுதான அர்த்தம்? அப்ப அவளும் போடணும்ல?"

வகுப்பே சேர்ந்து செய்திருக்கிறது. டீச்சர் சொன்ன கணக்கு தப்பாகிவிடக் கூடாதென்று இருபத்து நான்கு பேரும் ஒருத்திக்கு இடம் விட்டு, தட்டு வைத்து, சீட்டுப் போட்டிருக்கிறார்கள். நான் போனில் சொன்ன பொய்யை அவர்கள் மெய்யாக்கப் பார்த்திருக்கிறார்கள்.

"தெனமும் வேன விட்டு எறங்குனதும் கேப்பா டீச்சர். இன்னைக்கி நான் வந்தேனான்னு. வந்தடீம்பேன். சிரிப்பா. ஆனா முந்தாநாளு அழுதா." டிபன் டப்பாவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "மேலத்தெருவுல ஒரு பையன் நாலு நாளு வரலேன்னு வீட்டுக்கு ஆளு வந்துச்சு, அவங்க அப்பாவ சத்தம் போட்டு அவன இழுத்துட்டு வந்து விட்டாங்க. என்னத் தேடி மட்டும் ஏன்டி யாரும் வரலன்னு கேட்டா. நீதான் தெனமும் வாரியே, எப்படித் தேடுவாங்கன்னு சொன்னேன்."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அதை இறுக்கி மூடினேன். மூடியும் சொட்டியது. கடைசியாக ஒன்று கேட்டேன்.

"நம்பர் கூப்புடுறப்ப அவளுக்குப் பதிலா உள்ளேன்னு சொன்னது யாரு?"

"அப்படி யாரும் சொல்லலியே டீச்சர்" என்றாள். "அவ நம்பரத்தான் நீங்க கூப்புடவே மாட்டீங்களே."

அவள் முகத்தில் பொய் இல்லை. இருபது வருடமாகப் பிள்ளைகள் பொய் சொல்லும் முகத்தைப் பார்த்துவருகிறவள் நான்.

மறுநாள் காலை. ஆகஸ்டு கணக்குக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. பதினாறு என்று கூப்பிட்டேன். பிறகு, பதினேழு என்று கூப்பிட்டேன். அந்த வார்த்தை வகுப்பில் வந்து விழுந்ததும் எல்லாரும் நிமிர்ந்தார்கள். பதில் வரவில்லை. நடு இடம் காலியாக இருந்தது. இரண்டாவது தடவையும் கூப்பிட்டேன். பிறகு அவள் பெயரைத் தொட்டேன். விரலுக்குக் கீழே சிவப்பானது. பலகையில் வருகை 24, தொண்ணூற்றாறு சதவீதம் என்று எழுதினேன்.

அன்றைய கணக்கெடுப்பில் இருபத்து நான்கு சீட்டுதான் இருந்தது. வகுத்தால் எல்லாம் மூன்று மூன்றாகவும் ஆறு ஆறாகவும் இழுத்துக்கொண்டு போனது. நான் ஓரத்துப் பிள்ளையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீங்கதான் அவள ஆப்சென்ட் போட்டுட்டீங்களே டீச்சர்."

வகுப்பு முழுக்க என்னை அப்படித்தான் பார்த்தது. பிள்ளையைக் கொன்றவளைப் பார்ப்பதைப் போல. அதற்குப் பிறகு வந்த நாட்கள் முந்தைய நாட்களைவிட மோசம். முட்டை இருபத்து நான்காக வந்தது. சாப்பாட்டு வரிசையில் இடைவெளி இல்லை. இருப்பது போல் இருந்த ஒருத்தி இப்போது எங்குமே இல்லை. தினமும் பதினேழு என்று கூப்பிட்டேன், தினமும் அந்த அமைதியைக் கேட்டேன், தினமும் சிவப்பைத் தொட்டேன். ஒருவேளை ஆள் வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று பஸ்ஸில் உட்கார்ந்து பயந்தேன்.

ஆள் வந்தது. பிளாக்கிலிருந்து ஒரு மேடம், வியர்த்து விறுவிறுத்து. எவ்வளவு நாளாக வரவில்லை என்று கேட்டார். ஜூனிலிருந்து என்றேன். தலைமையாசிரியர் என்னை முறைத்தார்.

"ஜூன், ஜூலை பூரா பச்சையா இருக்கே?"

"நான்தான் தொட்டிருக்கணும் மேடம். தொடல."

அதற்கு மெமோ வந்தது, விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருடம் சர்ப்ளஸில் நான் வேறு பள்ளிக்குப் போனேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை, எனக்கு வர வேண்டியதுதான் வந்தது.

மேடம் அந்த வீட்டுக்கு மூன்று தடவை நடந்தார். ஒரு திங்கட்கிழமை நான் வகுப்புக்குள் நுழைந்தபோது மூன்றாவது பெஞ்சின் நடு இடத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. நெட்டை. முன்பல் கொஞ்சம் எடுப்பு. விரல் நுனிகள் எல்லாம் தோல் உரிந்து வெளுத்திருந்தன. இந்த முகத்தையா மறந்தேன் என்று இருந்தது.

பதினாறு என்றேன். பதினேழு என்றேன்.

"உள்ளேன் டீச்சர்."

கொஞ்சம் கம்மலான குரல். மின்விசிறியின் கரகரப்புக்கு நடுவில் அன்று நான் கேட்ட அதே குரல். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இதற்கு என்னிடம் விளக்கமும் இல்லை.

அன்று மாலை முதல் கேள்வியையே திரும்பவும் பலகையில் எழுதினேன். காலையில் என்ன சாப்பிட்டாய்? எனக்கு அந்தச் சுத்தமான இருபத்தைந்து வேண்டியிருந்தது. மறுநாள் எல்லோரும் வந்திருந்தார்கள். தலைகளை எண்ணினேன், இருபத்தைந்து. டப்பாவைக் கொட்டிச் சீட்டுகளை எண்ணினேன்.

இருபத்தாறு.

ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்தச் சீட்டு வரும் என்று. வந்தது. எழுத்துப் பழகாத கையெழுத்து, வகுப்பில் யாருடையதும் இல்லை. 'சாப்பிடவில்லை'. உள்ளே வெள்ளையாக ஒரு விரல் தடம், முந்தையதைவிடச் சின்னது.

பதினேழாம் நம்பர் தானாகவே எழுந்து நின்றாள்.

"நான்தான் டீச்சர் போட்டேன். கம்பெனில எனக்குப் பக்கத்துல உக்காரும் டீச்சர் அந்தப் பிள்ள. வேன் எங்க தெரு வழியாத்தான் போகும், காலைல கேள்வியச் சொல்லி ஜன்னல் வழியா எழுதி வாங்குனேன்."

"எந்த ஊரு? எந்த ஸ்கூலு?"

"தெரியல டீச்சர். எனக்கு முந்தியே வேன்ல ஏறிருக்கும். அஞ்சாப்பு படிக்குதாம். அது வீட்டுக்கும் இன்னும் யாரும் தேடி வரலியாம்."

வராண்டாவுக்கு வந்து பிளாக் மேடத்துக்குப் போன் போட்டேன். எந்தப் பள்ளி என்று தெரியாமல் எப்படித் தேடுவது என்று அவர் கேட்டார். "வேன் பின்னாடி போங்க மேடம்" என்றேன். "ஏதோ ஒரு ஸ்கூல் போன்ல அந்தப் பிள்ள தெனமும் வந்துக்கிட்டுத்தான் இருக்கும். பச்சையப் பாத்து நம்பிராதீங்க."

திரும்பி வந்தபோது பிள்ளைகள் பலகையைப் பார்த்தபடி கையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார்கள். முன் பெஞ்சுப் பையன் ஒருவன் வகுத்துப் பார்த்துவிட்டு நோட்டை நீட்டினான்.

"வகுபடல டீச்சர். மூணு புள்ளி எட்டு நாலுன்னு போயிக்கிட்டே இருக்கு. இருபத்தஞ்சுன்னு வச்சுக்கிட்டா முழுசா வந்துரும்."

"இருபத்தாறால வகு" என்றேன்.